அசலும் சாட்சியமும்

1

1990 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான வழக்கு தீர்ப்பாயிற்று. பழைய பெண்ட்லி கார் ஒன்றை வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. விலை ஒரு கோடி பவுண்ட். பேசி முடித்த பிறகு வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது நாங்கள் நினைத்த கார் இல்லை என்று பணம் தர மறுத்தார்கள். விற்கிறவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஆட்டன் முன்னால் வந்தது, மேலோட்டமாகப் பார்த்தால், ஒப்பந்தச் சட்டம் சம்பந்தப்பட்ட விவகாரம். ஆனால் அதைத் தீர்க்க, கிரேக்கர்கள் தீர்க்காமல் விட்டுப்போன ஒரு பிரச்னைக்குள் அவர் இறங்கவேண்டியிருந்தது: ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாகவே இருக்கிறது?

காரின் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. 1929-ல் பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தை வுல்ஃப் பார்னாட்டோவும் டிம் பர்க்கினும் இதில் வென்றார்கள். 1930-ல் பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் அதே காரில் மறுபடியும் வென்றார்கள். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். 1931-ல் பெண்ட்லி கம்பெனி நொடித்து, ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போயிற்று. கம்பெனி நின்றதே தவிர கார் நிற்கவில்லை. 1932-ல் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அந்த செப்டம்பரில் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயம். கிளைவ் டன்ஃபீ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சாய்த்துக் கட்டிய வளைவின் உச்சியைத் தாண்டிக் கார் வெளியே பாய்ந்தது. டன்ஃபீ அங்கேயே இறந்தார். சிதைந்த காரைச் சாலையில் ஓடும் மூடிய காராகத் திரும்பக் கட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த மூடிய கூடும் போய், லெ மான் பந்தயக் காரின் தோற்றத்தில் திறந்த கூடு ஒன்று ஏறியது. வழக்கு மன்றத்துக்கு வந்தது இந்தக் கடைசி உருவம்.

இது பணக்காரர்களின் பொம்மை பற்றிய சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தத் தீர்ப்பில் கேட்கப்பட்ட கேள்வியை எழுதுகிறவர்கள் தவிர்த்துவிட முடியாது என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

2

ஆட்டன் செய்தது எளிமையான காரியம். காரைக் கால அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கெடுத்தார். 1929-ல் வென்ற காரிலிருந்து இப்போது இருப்பது எதுவுமில்லை, அல்லது ஏறக்குறைய எதுவுமில்லை. 1930-ல் வென்ற காரிலிருந்து மிஞ்சியவை மூன்று: மிதிகள் கோத்திருக்கும் தண்டு, கியர் பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டியரிங் தண்டு. 1932-ல் விபத்துக்குள்ளான காரிலிருந்து அந்த எட்டு லிட்டர் எஞ்சின், ஸ்பிரிங்குகள், முன் அச்சு, இன்னும் சில பாகங்கள். விபத்துக்குப் பின் கட்டியதில் மூடிய கூடு தவிரப் பெரும்பாலும் எல்லாமே.

ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்ட வெற்றிகளிலிருந்து மிஞ்சியது ஒரு தண்டு, ஒரு கூடு, இன்னொரு தண்டு. இவ்வளவையும் எழுதிவிட்டு, கார் விற்கிறவர் சொன்ன கார்தான் என்று தீர்ப்பளித்தார் ஆட்டன். இதை ‘ஒரிஜினல்’ என்று சொல்ல முடியாது, ‘அதென்டிக்’ என்று சொல்லலாம் என்பது அவர் எடுத்த நிலை. அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது. எந்தக் கட்டத்திலும் இந்தக் கார் இல்லாமற்போய் மறுபடி உண்டாகவில்லை. புதிய பாகங்கள் வந்தபோதெல்லாம் முழுமைக்குள் சேர்ந்துகொண்டே வந்தன. இருக்கிற, அழிந்துபோன வேறு எந்த பெண்ட்லியும் இந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட முடியாது. விற்பனைக்கு வந்தது உலோகம் மட்டுமல்ல. அதன் வரலாறும் பெயரும் சேர்ந்துதான்.

இந்த இரண்டு சொற்களுக்கும் தமிழில் நாம் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம்: அசல். பத்திர ஆபீசில் அசல் என்றால் முதலில் எழுதிக் கையெழுத்தான தாள்; மற்றது நகல். வட்டிக்கடையில் அசல் என்றால் போட்ட முதல். நெய்க்கடையில் அசல் என்றால் கலப்படமில்லாதது. ‘அசல் அப்பனைப்போலவே இருக்கிறான்’ என்று பிள்ளையைச் சொல்லும்போது அசல் என்பது நகலைக் குறிக்கிறது! முதலில் இருந்தது, கலப்பில்லாதது, மாறாத முதல், அப்படியே ஒத்திருப்பது என்று நான்கு விதமான உண்மைகளை ஒரே சொல் சுமக்கிறது. அந்தச் சொல்லே அரபியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. வந்த வழியில் எதையெல்லாம் இழந்தது, எதையெல்லாம் சேர்த்துக்கொண்டது என்று யாரும் கேட்பதில்லை, நம் சொல்லாகிவிட்டது. ஓல்ட் நம்பர் ஒன் அசலா என்று தமிழில் கேட்டால் விடை கிடைக்காது. எந்த அசல் என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

3

தீஸியஸின் கப்பலை அதென்ஸ் நகரத்தார் பாதுகாத்துவந்தார்கள் என்று புளூடார்க் எழுதுகிறார். மட்கிய பலகையை எடுத்துவிட்டு நல்ல பலகையை வைத்தார்கள். இது அதே கப்பல்தான் என்று ஒரு சாரார், இல்லை என்று மறு சாரார். தத்துவவாதிகளுக்கு விவாதப் பொருளாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு சிக்கலைச் சேர்த்தார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிவைத்து, அதே வரிசையில் பூட்டிக் கப்பலாக்கினால், எது தீஸியஸின் கப்பல்? துறைமுகத்தில் இடைவிடாமல் நின்றதா, பழைய மரத்தால் ஆனதா?

ஹாப்ஸுக்கு இது ஒரு மனப் பயிற்சி. பழைய கார்களின் உலகத்தில் நடைமுறை. ஜாகுவார் கம்பெனியின் டி-டைப் பந்தயக் காரை எடுத்துக்கொள்ளலாம். 1955 மாதிரியில் ஓட்டுபவன் உட்காரும் நடுக்கூடு ஒன்று, எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் ஒன்று. இரண்டும் போல்ட்டு போட்டு இணைத்தவை. மோதினால் சட்டத்தைக் கழற்றி வேறு சட்டம் பூட்டுவார்கள். வளைந்த சட்டம் ஒரு மூலையில் கிடக்கும். முப்பது வருஷம் கழித்து ஒருவன் அதை நிமிர்த்தி, அதற்குப் பின்னால் புதிய கூட்டைக் கட்டுவான். அப்புறம் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாட இரண்டு கார்கள். இரண்டு சொந்தக்காரர்களிடமும் ஆவணம் இருக்கும். இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

ஹாப்ஸின் சிக்கலை ஆட்டன் தீர்த்துவிட்டாரா? இல்லை. அவருக்கு அது நேரவில்லை. ஓல்ட் நம்பர் ஒன்னுக்குப் போட்டியாக இன்னொரு கார் வந்து நிற்கவில்லை. ஆனால் அவருடைய தர்க்கத்தில் ஒரு நூல் இருக்கிறது. பாகங்கள் எதற்காக மாற்றப்பட்டன என்பதுதான் அது. 1929-க்கும் 1932-க்கும் இடையில் அந்தக் காரில் மாற்றப்பட்டது ஒவ்வொன்றும் அது ஓடுவதற்காக மாற்றப்பட்டது. அடுத்த பந்தயம் வருகிறது, அச்சு தாங்காது, வேறு போடு. யாரும் அப்போது அசலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதனால்தான் அது அசலாக இருந்தது. பிறகு ஒருநாள் அதே காரில் ஒரு பாகம் பழையதுபோலத் தெரியவேண்டும் என்பதற்காக மாற்றப்படுகிறது. கை ஒன்றுதான், ஸ்பானர் ஒன்றுதான். ஆனால் முதல் காரியம் வாழ்க்கையின் பகுதி. இரண்டாவது வாழ்க்கையைப் பற்றிய சித்திரம்.

இந்த வித்தியாசத்தை உலோகத்தில் காண முடியாது. ரசாயனப் பரிசோதனை இரும்பின் வயதைப் பற்றி ஏதேனும் சொல்லலாம். மாற்றியவனின் நோக்கத்தைச் சொல்லாது. அதைச் சொல்லவேண்டியது ஆவணம்.

4

இங்கே நெல்சன் குட்மன் 1968-ல் செய்த ஒரு பாகுபாடு உதவுகிறது. சில கலைகளில் போலி சாத்தியம், சிலவற்றில் சாத்தியமே இல்லை என்றார் அவர். ஓவியத்துக்குப் போலி உண்டு. எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் ரெம்பிராண்ட்டின் கை பட்டது ஒன்றுதான். கவிதைக்கு அந்த அர்த்தத்தில் போலி கிடையாது. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால் எந்தப் பிரதியும் அந்தக் கவிதையேதான். நம் ஏட்டுச் சுவடிகளின் கதை இதற்கு நல்ல சான்று. செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதினார்கள். பழையது ஆற்றோடு போயிற்று. சங்கப் பாட்டை எழுதிய முதல் ஏடு எதுவும் கிடையாது. அதனால் பாட்டு போலியாகிவிடவில்லை.

கார் இதில் எந்தப் பக்கம்? ஒரு வரைபடம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன, அதன்படி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். அந்த அளவில் கார் ஒரு கவிதை. தொழிற்சாலைகள் இப்போது இதையே வியாபாரமாக்கியிருக்கின்றன. 1963-ல் ஜாகுவார் இலகுரக ஈ-டைப் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு 12-தான் செய்தது; மிச்ச ஆறு எண்கள் ஏட்டில் வெறுமனே கிடந்தன. 2014-ல் அந்த ஆறு எண்களுக்கும் ஆறு கார்களைச் செய்ய முன்வந்தது. அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்துப் பிறப்புப் பதிவு. பெண்ட்லியும் 2022-ல் 1930-ஆம் ஆண்டு மாதிரியின்படி ஸ்பீட் சிக்ஸ் கார்கள் 12 புதிதாகச் செய்வதாக அறிவித்தது. ஓல்ட் நம்பர் ஒன் பிறந்த அதே இனம்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றை ஓல்ட் நம்பர் ஒன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் அளவில், அமைப்பில், 1930-ல் லெ மானில் ஓடிய காருக்கு எது நெருக்கம்? புதியதுதான். பழைய காரில் இருப்பது எட்டு லிட்டர் எஞ்சின். வென்ற கார் ஆறரை லிட்டர். ஆனாலும் புதியதைப் பார்த்து ‘இதுதான் வென்றது’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. உருவத்தை வரைபடத்திலிருந்து எடுக்கலாம். நடந்ததை வரைபடத்திலிருந்து எடுக்க முடியாது. அந்த அளவில் கார் ஓவியம், ஏன், ஓவியத்தையும்விட மனிதனுக்கு நெருக்கம். ஓவியம் தீட்டி முடித்ததோடு முடிந்துவிடுகிறது. காருக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பமே.

புதிய கார்களைச் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இவற்றை ‘தொடர்ச்சி’ என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்குகிறவனுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு சின்னத் திருட்டு இருக்கிறது. ஐம்பது வருஷமோ தொண்ணூறு வருஷமோ எதுவும் தொடரவில்லை. தொடர்ந்தது முத்திரை மட்டும்.

5

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு உதாரணம். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் மஜ்ஜோரே ஏரி. அதன் அடியில் ஒரு புகாட்டி கிடந்தது. 1925-ஆம் ஆண்டு டைப் 22. இறக்குமதி வரி கட்டாமல் விடப்பட்ட கார். அழிக்கவேண்டிய பொறுப்பு சுங்க அதிகாரிகளுடையது. அவர்கள் அதைச் சங்கிலியில் கட்டி 1930-களில் ஏரிக்குள் இறக்கினார்கள். சங்கிலி துருப்பிடித்து அறுந்து, கார் 53 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. 2009 ஜூலையில் மேலே கொண்டுவந்தார்கள். 2010-ல் பாரிஸ் ஏலத்தில் இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. வாங்கிய கலிபோர்னியாக்காரர் பீட்டர் மல்லின் அதைத் துடைத்துப் புதுப்பிக்கவில்லை. ஏரி அரித்துவிட்ட கோலத்திலேயே தம் மியூசியத்தில் வைத்தார். அந்த மியூசியம் 2024-ல் மூடப்பட்டுவிட்டது.

இந்தக் காரில் வேறு யாரும் கைவைக்கவில்லை. கைவைத்தது தண்ணீர் மட்டும். ஆட்டன் ஒதுக்கிய ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. ஆனால் இது கார் அல்ல, காராக இருந்தது. எழுபது வருஷங்களுக்கு மேல் இது எங்கும் போகவில்லை, யாருக்கும் உதவவில்லை, எவரையும் கொல்லவில்லை. மாறாமல் இருப்பதற்கு இது கொடுத்த விலை இருப்பையே கொடுத்தது.

ஒரு முனையில் உருவம் மட்டும்: 2022-க்குப் பின் செய்த ஸ்பீட் சிக்ஸ். இன்னொரு முனையில் சடப்பொருள் மட்டும்: ஏரிக்கடியில் கிடந்த புகாட்டி. நடுவில் ஓல்ட் நம்பர் ஒன். உருவமும் பலமுறை போய்விட்டது, பொருளும் போய்விட்டது. ஆனாலும் மூன்றில் அதுதான் ‘இது இன்னது’ என்று சொல்ல லாயக்கானதாக எனக்குப் படுகிறது. என்ன நடந்தது என்று அதைப் பற்றிச் சொல்ல முடிகிறது என்பதால்.

அப்படியானால் எல்லாப் பாரமும் அந்தச் சொல்லுதல் மேல் வந்து விழுகிறது. யார் சொல்கிறார்கள்? எதற்காக?

6

ஒரு பழைய காரின் வரலாற்றை எழுதுவது என்றால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். சாஸியில் வெட்டிய எண், எஞ்சினில் வெட்டிய எண், தொழிற்சாலைப் பேரேட்டில் எழுதிய எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. எண்ணைக் கையால் உளி அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்திருந்தால் இலக்கங்கள் கொஞ்சம் முன்பின்னாக, ஆழம் கூடக்குறைய இருக்கும். ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படவேண்டும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடம் உண்டா என்று பார்க்கவேண்டும். பழைய பந்தயப் படங்களை வைத்துக்கொண்டு ரிவெட்டுகளின் இடத்தை ஒப்பிடவேண்டும். பெயிண்டை ஓரத்தில் சுரண்டினால் மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காக நிறங்கள் வரும். அப்புறம் பதிவுப் புத்தகங்கள், பட்டறைச் சீட்டுகள், கடிதங்கள், கைமாறிய சொந்தக்காரர்களின் வரிசை.

நல்ல பதிப்பாசிரியன் சுவடிகளோடு செய்கிற வேலைதான் இது. அவன் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுக்கிறான். இந்தச் சுவடியில் இப்படி, அந்தச் சுவடியில் அப்படி, இந்த இடம் சிதைவு, நான் ஊகித்துப் போட்டது இது என்கிறான். தான் போட்டதைத் தான் போட்டது என்று சொல்வதில்தான் அவனுடைய யோக்கியதை இருக்கிறது. புராதன வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012, 2013-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. கட்டிடங்களுக்காக 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது. புதிதாகப் போட்ட பாகம் புதிது என்று பின்னால் வருகிறவன் கண்டுகொள்ளும்படி அடையாளம் இருக்கவேண்டும், செய்ததையெல்லாம் எழுதிவைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பாடபேதத்தை இரும்பில் குறிப்பது என்று சொல்லலாம். 2014-ல் அமெரிக்காவில் ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே ஒன்றை, தொழில்நுட்பப் பாரம்பரியத்தைப் பதிவுசெய்யும் அரசுத் திட்டத்தின் கீழ் அளந்து, வரைந்து, படமெடுத்து, லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் கார் அதுதான்.

ஆனால் சாசனம் நிர்ப்பந்தம் அல்ல. ஆவணத்தைத் தயாரிப்பவன் பெரும்பாலும் விற்கப்போகிறவனிடம் கூலி வாங்குகிறவன். 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ-வில் ஒன்று 2018 ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. ஓர் எண்ணின்மேல் இவ்வளவு பணம் உட்கார்ந்திருக்கும்போது எண்ணைப் பொய்யாக வெட்டுவதற்கு ஆள் கிடைக்கும் என்பது தெரிந்ததுதான். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. வெட்டிய பொய்யைக் கண்டுபிடிக்கலாம். நான் கவலைப்படுவது வேறொரு பொய்யைப் பற்றி. அதில் ஒரு எழுத்தும் பொய் இராது. எதை எழுதுவது, எதை விடுவது என்ற தேர்வில் அது இருக்கும். வரலாற்றுக் கோப்புகளைப் பாருங்கள்: சொந்தக்காரர்களின் பெயர் தவறாமல் இருக்கும், பிரபு, சீமான், பந்தய வீரர். அந்த மிதித்தண்டை 1930-ல் பொருத்திய ஃபிட்டரின் பெயர் அநேகமாக இராது. பார்னாட்டோவின் செல்வம் அவர் தந்தை பார்னி பார்னாட்டோ தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் சம்பாதித்தது. அந்தக் குழிகளில் இறங்கியவர்கள் ஒரு காரின் வரலாற்றில் எங்கே வருவார்கள்? எல்லாவற்றையும் எழுத முடியாது என்பது சரி. முடியாததற்கும் விரும்பாததற்கும் உள்ள வித்தியாசத்தையாவது ஆவணக்காரன் தனக்குள் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

7

இப்போது டன்ஃபீயின் மரணத்துக்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்தே என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது அதுதான்.

ஓல்ட் நம்பர் ஒன்னைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால், எந்தப் பழைய நிலை? யாரைக் கேட்டாலும் 1929 என்பார்கள், அல்லது 1930. வெற்றியின் வருஷங்கள். எட்டு லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஆறரை லிட்டர் எஞ்சினை வைத்தால் வென்ற கார் திரும்பி வந்துவிடும். ஆனால் கழற்றியது எது? டன்ஃபீ இறந்த அன்று அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின். வெற்றிகளிலிருந்து மிஞ்சியது இரண்டு தண்டும் ஒரு கூடும். மரணத்திலிருந்து மிஞ்சியதுதான் அதிகம். ஸ்தூலமாகச் சொல்வதென்றால், அந்தக் கார் வென்ற கார் என்பதைவிடக் கொன்ற கார் என்பதே நிஜம். அந்த நிஜத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, இல்லாத வெற்றியைப் புதிய உலோகத்தில் செய்து வைப்பதற்குப் பெயர்தான் ‘அசலுக்குத் திருப்புவது’.

இதில் அழகியல் தப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தார்மீகத் தப்பு இருக்கிறது. ஒரு பொருளின் காலத்தில் நமக்குப் பிடித்த ஒரு நிமிஷத்தைத் தேர்ந்து, அதற்குப் பின்னால் நடந்ததையெல்லாம் தூசி என்று துடைக்கிறோம். பின்னால் நடந்ததில் ஒருவனுடைய சாவும் இருக்கிறது. பொருளுக்கு வலிக்காது என்பது உண்மைதான். ஆனால் இறந்தவனுக்கு இருந்த சாட்சி அந்தப் பொருள். சாட்சியைக் கலைத்தாயிற்று.

ஆட்டன் கொடுத்த தீர்ப்பைவிட அவர் போட்ட பட்டியல் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். தீர்ப்பு சட்டத்துக்குத் தேவைப்பட்ட ஒரு முடிவு. வேறு நீதிபதி வேறுவிதமாகச் சொல்லியிருக்கலாம், ‘அதென்டிக்’ என்ற சொல்லில் அவ்வளவு இடம் இருக்கிறது. பட்டியலில் அப்படி இடம் இல்லை. 1929-லிருந்து ஒன்றுமில்லை, 1930-லிருந்து இவ்வளவு, 1932-லிருந்து இவ்வளவு. இல்லாததை இல்லை என்று எழுதியது. புகழின் உச்சிக்கு நேரே பூஜ்யம் போட்டது. ஒரு பொருளின் உண்மைத்தன்மை அதன் இரும்பில் இல்லை, உருவத்தில் இல்லை. அதைப் பற்றி, இழந்ததையும் சேர்த்து, ஒருவன் பொறுப்போடு சொல்கிற சாட்சியத்தில் இருக்கிறது. தொடர்ச்சி என்று ஒன்று இருப்பதால் சாட்சியம் சாத்தியமாகிறது என்பது ஒரு பாதி. சாட்சியம் சொல்லப்படாவிட்டால் தொடர்ச்சி வெறும் உரிமைக் கோஷமாகிவிடும் என்பது மறு பாதி.

8

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன என்று சொல்வதாக ஆரம்பத்தில் சொன்னேன்.

கவிதைக்குப் போலி கிடையாது என்றார் குட்மன். கவிதைக்குச் சாஸி எண் உண்டு. அடியில் போடுகிற தேதி அது. பத்திரிகையில் வந்த கவிதையைத் தொகுதியில் சேர்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இரண்டு வரியை எடுக்கிறோம், ஒரு சொல்லை மாற்றுகிறோம், அசட்டுத்தனமாக முடிந்த முடிவை வெட்டிவிடுகிறோம். திருத்துவது எழுதுகிறவனின் உரிமை, அதில் சந்தேகமில்லை. ஓடுவதற்காக அச்சை மாற்றுவது மாதிரி. கவிதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் திருத்திவிட்டுக் கீழே பழைய தேதியையே போடுகிறோம். இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இப்படி எழுதினேன் என்கிறோம். புதுக் கூட்டில் பழைய எண்ணை வெட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு ஒரு கோடி பவுண்ட் யாரும் தருவதில்லை என்பது ஒன்றுதான்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். இருபத்தைந்து வயதில் எழுதிய ஒரு கவிதையில் இன்று படிக்கக் கூசுகிற ஒரு வரி இருந்தது; ஒரு மனிதரை இழிவுபடுத்திய வரி. தொகுதியில் அதை எடுத்துவிட்டேன். எடுத்தது சரி. தேதியை அப்படியே விட்டது சரியில்லை. அந்த வரியை எழுதிய இளைஞன் இருந்தான். அவனை நான் கழற்றி எறிந்துவிட்டு அவன் பெயரிலேயே நல்லவனாக நிற்கிறேன். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போய்விட்டது. தப்பு நடந்ததற்கே சாட்சியம் இல்லையே!

திருத்தாதே என்று சொல்லவில்லை. திருத்தாத எழுத்து ஏரிக்கடியில் கிடந்த புகாட்டி. திருத்தியதற்கு ஒரு குறி வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், இன்ன வருஷம் எழுதியது, இன்ன வருஷம் மாற்றியது, இன்னது எடுக்கப்பட்டது என்று ஒரு வரி போதும். படிக்கிறவனில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்க்கமாட்டார்கள். அடுத்த பதிப்பில் அந்த வரியை நான் போடப்போகிறேன். என்ன எடுக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டியிருக்கும், அதுதான் கஷ்டம்.